விரித்த கைக்கு முப்பத்தொரு சாட்சி

கரூஃபலியா அன்று காலை பஸ்ஸைக் கோர்ட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும், அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த முப்பத்தொரு பேரும் அதிலிருந்து வரிசையாக இறங்கினார்கள். வேறு வழியில்லை. மலைமேலிருக்கும் கஸ்தனூலாவிலிருந்து கீழே நகரத்துக்கு ஒரே ஒரு பஸ்தான் உண்டு. அதை ஓட்டுபவள்தான் அன்று குற்றம் சாட்டப்பட்டவள்.

"பாத்து இறங்குங்க, படி ஈரமா இருக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

பேக்கரிக்கார தியோனிசியா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். "என்னைத் தப்பா நினைக்காத கரூஃபலியா. சம்மன் வந்துருச்சு. வேதப் புத்தகத்து மேல கை வச்சுச் சொல்லணுமாம். எப்படிப் பொய் சொல்ல?"

"நீங்க உண்மையவே சொல்லுங்கக்கா. நான் பண்ணது பண்ணதுதானே."

சொல்வதைச் சொல்லிவிட்டாள். ஆனால் கை பஸ் சாவியை விடவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் நகராட்சி பஸ்ஸைத் தொடக்கூடாது என்பது விதி. பத்தொன்பது வருஷம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவள். எந்த வளைவில் எந்த மாதம் பனி உறையும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதை விட்டால் ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. புகார் கொடுத்த துணை மேயர் பெரியாந்திரோஸ், தன் அக்கா மகனுக்கு பஸ் லைசென்ஸ்கூட எடுத்துவைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு.

நடந்தது இதுதான். கஸ்தனூலாவில் காப்பிக் கடைக்கு எதிரே ஒரு திருப்பம் இருக்கிறது. பஸ் திரும்ப வேண்டுமானால் அங்கேதான் திரும்ப வேண்டும். மற்ற மூன்று பக்கமும் பள்ளம். ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலையில் அந்தத் திருப்பத்தின் நட்டநடுவில் பெரியாந்திரோஸ் தன் சாம்பல்நிறக் காரை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அது புதிய பழக்கமல்ல. ஆனால் அன்று பஸ்ஸின் முன் சீட்டில் சிறுநீரகம் கெட்டுப்போன திராசிவூலோஸ் இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கரூஃபலியா மூன்று முறை ஹாரன் அடித்தாள். காப்பிக் கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியாந்திரோஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து 'கொஞ்சம் இரு' என்று காட்டினார். காட்டிவிட்டு இரண்டாவது காப்பி சொன்னார்.

இருபத்திரண்டு நிமிஷம் போனது. திராசிவூலோஸ் வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. என்ஜினை அணைத்தாள், இறங்கினாள், காப்பிக் கடைக் கதவைத் திறந்தாள். நேரே அவர் மேஜைக்குப் போய், வலது கையின் ஐந்து விரலையும் விரித்து அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டி, இடது உள்ளங்கையால் அதன் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"இந்தா! வாங்கிக்கோ!"

அருவருப்பைக் காட்டுவதில் கஸ்தனூலாக்காரர்களுக்கு ஒரு படிவரிசை உண்டு. சாதாரண விஷயத்துக்கு நாக்கைச் சொடுக்கித் தலையை மேலே எறிவார்கள். உப்புப் போடாத சூப்புக்கு 'உவ்வே'. பொய் சொன்னவனுக்குத் 'த்தூ'. அதற்கும் மேலே போனால்தான் இந்த விரித்த கை. மூட்சா என்பார்கள். முகத்தில் கரி பூசியதற்குச் சமம். டிவியில் பந்தாட்டம் ஓடும்போது நடுவருக்கு அது கிடைக்கும். எட்டு மணிச் செய்தியில் நிதி மந்திரிக்குத் தினமும் கிடைக்கும். காப்பிக் கடை டிவிக்கு உயிர் இருந்திருந்தால் எப்போதோ ஊரை விட்டு ஓடியிருக்கும். ஆனால் உயிருள்ள மனிதனுக்கு, அதுவும் நேருக்கு நேராக, அதுவும் இரண்டு கையால் என்றால் அது கடைசிப் படி. அதனால்தான் அந்த ஊரில் மீன்கடையில் ஐந்து கிலோ கேட்பவன்கூட உள்ளங்கையைத் தன் பக்கமாகத் திருப்பித்தான் ஐந்து விரல் காட்டுவான். மீன்காரனுக்குத் தவறியும் அது பட்டுவிடக் கூடாது.

அதை வாங்கிக்கொண்ட மனிதன் வாயை மூடிக்கொண்டு காரை நகர்த்தியிருந்தால் ஒரு வாரம் சிரித்துவிட்டு ஊர் மறந்திருக்கும். பெரியாந்திரோஸ் அப்படிப்பட்டவரா? போலீஸுக்குப் போனார். அவமானம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காப்பிக் கடையில் இருந்தவர்கள், பஸ்ஸில் இருந்தவர்கள், தெருவில் நின்றவர்கள் என்று ஒருவர் விடாமல் பெயர் எழுதிக் கொடுத்தார். 'முப்பத்தொரு பேர் கண்ணெதிரே' என்று அடிக்கோடும் போட்டார். ஏதோ விருதுக்கு விண்ணப்பம் போடுவதுபோலத்தான் எழுதியிருந்தார்.

கரூஃபலியாவின் வக்கீல் பொலிக்சேனி கோர்ட்டுப் படிக்கட்டில் காத்திருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் கவலைப்பட்டால் வேகமாகப் பேசுவாள்.

"அக்கா, மறுபடி சொல்றேன். நிறுத்துங்கன்னு கை காட்டினேன், போலீஸ்காரர் காட்டுற மாதிரின்னு சொல்லிடுங்க. சந்தேகம் வந்தாலே போதும், விட்டுருவாங்க."

"நின்ன காரைப் பாத்து நிறுத்துன்னு கை காட்டினேனா? நம்ம ஊர்ல ஆடு மாடுகூட நம்பாது பொலிக்சேனி."

"நம்புதோ இல்லையோ, பஸ் உங்ககிட்ட இருக்கும்."

கரூஃபலியா திரும்பி வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். பெரியாந்திரோஸ் தன் காரில் வந்து இறங்கினார். நீலக் கோட்டு, பளபளக்கும் ஷூ, பக்கத்தில் தலை நரைத்த பெரிய வக்கீல். அவர் மனைவி எஃப்தெர்பி காரில் வரவில்லை, பஸ்ஸில்தான் வந்திருந்தாள். மலைப்பாதைச் சேறு உள்ளே ஒட்டும் என்று அவளை அவர் காரில் ஏற்றுவதே அபூர்வம். சம்பவம் நடந்த அன்றும் பல் டாக்டரைப் பார்க்கப் போக அவள் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது, கடைசிப் பெயராக. எழுதும்போது அவர் அதைப் பற்றி யோசித்தாரா என்பது யாருக்கும் தெரியாது.

நீதிபதி ஒரு பெண்மணி, ஊருக்குப் புதியவர். வடக்கே கடற்கரையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தடித்த கண்ணாடி, கையில் பேனா, எதையும் விடாமல் எழுதிக்கொள்ளும் வழக்கம். அவர் தலைக்கு மேலே ஏசுவின் படம் மாட்டியிருந்தது.

முதல் சாட்சி தியோனிசியா. புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

"இங்க 'அநாகரிகமான சைகை'ன்னு மட்டும் எழுதியிருக்கு" என்றார் நீதிபதி. "என்ன சைகை? காட்டுங்க."

தியோனிசியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மரியாதை தெரிந்த பெண் செய்வதைத்தான் அவளும் செய்தாள். உள்ளங்கையைத் தன் மூஞ்சிக்கு நேராகத் திருப்பி, ஐந்து விரலையும் விரித்தாள்.

பொலிக்சேனி துள்ளி எழுந்தாள். "எழுதிக்கோங்கம்மா! உள்ளங்கை உள்பக்கம். இது அவமானமே இல்ல. மீன்கடையில தினமும் காட்டுறதுதான்!"

"அப்படியா?" என்று நீதிபதி பேனாவைத் தூக்கினார்.

"இல்ல, இல்ல!" பெரிய வக்கீல் மேஜையைத் தட்டினார். "அம்மா, சரியாக் காட்டுங்க. கை வெளிப்பக்கம் இருக்கணும்!"

"வெளிப்பக்கம்னா... யாரைப் பாத்துக் காட்ட?" தியோனிசியா சுற்றிலும் பார்த்தாள். எதிரே நீதிபதி. கையைத் தூக்கப் போனவள், நீதிபதி சட்டென்று நாற்காலியோடு பின்னால் சாய்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இங்க வேண்டாம்" என்றார் நீதிபதி. "மேல சாமி படம் இருக்கு."

குமாஸ்தா பக்கம் திரும்பினாள். குமாஸ்தா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். "எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்குங்கம்மா."

"ஜன்னலைப் பாத்துக் காட்டட்டுமா?"

"ஜன்னல் புகார் கொடுக்கலையே" என்றார் நீதிபதி. "வக்கீல் சார், நீங்கதான் சரியாக் காட்டச் சொன்னீங்க. யாரைப் பாத்துக் காட்டணும், நீங்களே சொல்லுங்க."

பெரிய வக்கீலுக்கு அனுபவம் முப்பது வருஷம். ஆனாலும் அந்த நிமிஷம் அவர் புத்தி எங்கேயோ மேயப் போயிருந்தது. "சம்பவம் எப்படி நடந்துச்சோ அப்படியே காட்டட்டும். என் கட்சிக்காரரைப் பாத்துத்தான் காட்டணும்."

தியோனிசியா பெரியாந்திரோஸ் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா, கோர்ட்டு சொல்லுது" என்றாள். ஐந்து விரலையும் விரித்து நேராக நீட்டி, மறு கையால் பட்டென்று அடித்தாள்.

 பெரியாந்திரோஸின் கண்கள் தாமாகவே மூடித் திறந்தன. அந்த ஊரில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் அது பட்டால் படத்தான் செய்யும். கோர்ட்டு, வீடு என்று அது பார்க்காது.

இரண்டாவது சாட்சி கசாப்புக்காரர் லாசரோஸ். ஒரு கைதான் பார்த்ததாகச் சொன்னார். "இரண்டு கை!" என்றார் பெரிய வக்கீல். "எங்க, காட்டுங்க பாப்போம்." லாசரோஸ் காட்டினார். முறம் மாதிரி கை. பெரியாந்திரோஸின் முகமே அதற்குள் மறைந்துவிட்டது. சாட்சிகளுக்குள் முரண்பாடு என்று நீதிபதி குறித்துக்கொண்டார். முரண்பாட்டைத் தீர்க்க மூன்றாவது சாட்சி இரண்டு விதமாகவும் காட்ட வேண்டியதாயிற்று.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! ரிட்டயரான பள்ளி ஆசிரியர் விரல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று விளக்கி, முதல் தடவை காட்டியது சரியில்லை என்று தானே திருத்தி மறுபடியும் காட்டினார். காப்பிக் கடைக்காரர் அனெஸ்திஸ், தினசரி வாடிக்கைக்காரர் ஆயிற்றே என்று இடுப்பளவில் பயந்து பயந்து காட்டினார். "அவ்வளவு சின்னதாவா இருந்துச்சு? உயர்த்துங்க!" என்று பெரிய வக்கீலே அதட்டினார். அனெஸ்திஸ் உயர்த்தினார். கடன் சொல்லிவிட்டுப் போன காப்பிகளெல்லாம் அப்போது ஞாபகம் வந்ததோ என்னவோ, நன்றாகவே உயர்த்தினார். பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்த ஒருத்தி எதையும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டாளாம். அவளை அந்தச் சத்தத்தை மட்டும் செய்யச் சொன்னார்கள். பாதிரியார் எழுந்தார்.

"அம்மா, இது ஆசீர்வாதம் பண்ற கை. இதை வச்சு நான் காட்ட முடியாது."

"வார்த்தையில சொன்னாப் போதும் சாமி."

"வார்த்தையில சொன்னா, ரெண்டு கை. ஆசீர்வாதம் இல்ல."

கூடத்தில் யாரோ இருமினார்கள். இருமல் தொற்றிக்கொண்டது. நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எழுத அவ்வளவு என்ன இருந்தது என்று தெரியவில்லை. குமாஸ்தா ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'காட்டினார்' என்று குறித்தார்.

கரூஃபலியா குற்றவாளிப் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஒவ்வொரு கை உயரும்போதும் தன் குற்றம் இன்னும் உறுதியாகிறது என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஊரே சேர்ந்து அவளுக்காகச் செய்துகொண்டிருந்த காரியம், ஊரே சேர்ந்து அவள் வேலைக்கு வைக்கும் வேட்டாகவும் இருந்தது.

பதினாலாவது சாட்சி திராசிவூலோஸ். உட்கார்ந்தே சொல்ல நீதிபதி அனுமதித்தார். இடது கையில் ஊசிக் கட்டு. அதைத் தூக்கவே முடியாது. வலது கையை மெதுவாகத் தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். விரித்து நீட்டிய கையைக் கீழே இறக்கவில்லை. பெரியாந்திரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது கை அங்கேயேதான் இருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை.

"நிறுத்துங்க!" பெரியாந்திரோஸ் எழுந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தெல்லாம் வேர்வை. "போதும். புகாரை வாபஸ் வாங்கறேன். கோர்ட்டெல்லாம் வேண்டாம். இது நம்ம ஊர் விஷயம், நகராட்சிக் கமிட்டியிலயே விசாரிச்சு முடிச்சுக்கறோம்."

பொலிக்சேனி மகிழ்ச்சியில் கரூஃபலியாவின் தோளைப் பிடித்தாள். நீதிபதி பேனாவை மூடினார்.

"சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவங்க ஒத்துக்கிட்டாத்தான் வாபஸ் செல்லும். கரூஃபலியா அம்மா, ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்னு சொல்லுங்கக்கா, சீக்கிரம்" என்று பொலிக்சேனி காதருகில் கிசுகிசுத்தாள்.

கரூஃபலியா எழுந்து நின்றாள். "ஒத்துக்கிட்டா என்ன ஆகும்மா?"

"இந்த வழக்கே நடக்கலைன்னு ஆயிடும். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"அவரு சொன்ன கமிட்டி?"

"அது என் அதிகாரத்துல இல்ல."

"ஒத்துக்கலைன்னா?"

"மிச்ச சாட்சிகளைக் கேப்பேன். தீர்ப்பு சொல்வேன். குற்றம்னு தோணினா குற்றம்னுதான் சொல்வேன். அதையும் யோசிச்சுக்கோங்க."

கமிட்டியில் மூன்று பேர். மூவரும் ஞாயிற்றுக்கிழமை பெரியாந்திரோஸ் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். அங்கே தியோனிசியா இருக்க மாட்டாள். திராசிவூலோஸின் கை இருக்காது. இங்கே தோற்றால் முப்பத்தொரு பேர் பார்க்கத் தோற்கலாம். அங்கே தோற்றால் திங்கட்கிழமை சாவியைக் கொடு என்று ஒரு காகிதம் வரும், அவ்வளவுதான்.  கரூஃபலியாவுக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. பெஞ்சுகளைப் பார்த்தாள். இன்னும் கூப்பிடப்படாத பதினேழு பேர் சுத்தமான உடுப்பில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒத்துக்கலம்மா" என்றாள். "இன்னும் பதினேழு பேர் இருக்காங்க. பாவம், குளிச்சுக் கிளம்பி மலையிறங்கி வந்திருக்காங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது. நீதிபதி மணியை அடித்து அடக்கினார். பொலிக்சேனி தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியாந்திரோஸ் தொப்பென்று உட்கார்ந்தார்.

பதினேழு பேரும் வந்தார்கள். இப்போது யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. பெரிய வக்கீல் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். ஆனால் கேட்காமலே காட்டினார்கள். திருப்பத்தில் கார் நின்ற நாட்களில் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போக முடியாதவள், பரீட்சையைத் தவறவிட்டவன், மழையில் அரை மணி நேரம் நனைந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. அதை அவர்கள் வாயால் சொல்லவில்லை.

கடைசியாக எஃப்தெர்பியைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மெலிந்த, சத்தம் போட்டுப் பேசாத பெண். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிப் பையில் வைத்தாள். புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

"புகார்தாரர் உங்க வீட்டுக்காரர். விருப்பமில்லைன்னா நீங்க சாட்சி சொல்ல வேண்டியதில்ல" என்றார் நீதிபதி.

"இருபத்தாறு வருஷமா எனக்கு விருப்பமான்னு யாரும் கேட்டதில்ல. முதல் தடவையாக் கேக்கறீங்க, நன்றி" என்றாள் எஃப்தெர்பி. "எனக்கு விருப்பம்தான்."

"எஃப்தெர்பி..." என்றார் பெரியாந்திரோஸ், கெஞ்சும் குரலில்.

"அன்னைக்கு நான் பஸ்ல நாலாவது சீட்டுல இருந்தேன் அம்மா. பல் வலி உயிர் போச்சு. இவரு கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் ரெண்டாவது காப்பி சொன்னாரு." அவர் பக்கம் திரும்பினாள். கையை விரித்தாள். அவசரமில்லை. மறு கையால் அடித்த சத்தம் மேல்கூரை வரை போய் வந்தது. "இந்தா" என்றாள். "வாங்கிக்கோ."

யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கரூஃபலியாவைப் பார்த்தார். "நீங்க கடைசியா என்ன சொல்றீங்க? கை காட்டினது உண்மையா?"

பொலிக்சேனி அவளுடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். போலீஸ்காரர் கை, போலீஸ்காரர் கை என்று அந்தப் பிடி சொன்னது.

"உண்மைதாம்மா. காட்டினேன்."

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"ரெண்டு."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணே போதுமே. நிதானமாச் சொல்லுங்க, இதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறலாம்."

கரூஃபலியா திராசிவூலோஸைப் பார்த்தாள். இறக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கை எனக்கும்மா. இன்னொண்ணு அவருக்கு. அன்னைக்கு அவரால தூக்க முடியல. மெஷின் போயிருச்சு, சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுல மூச்சு வாங்கிட்டுக் கிடந்தாரு. அவர் ஒரு வார்த்தை பேசல. பேசாதவங்க கையையும் யாராவது ஒருத்தர் தூக்கணும் இல்ல? நான்தான் டிரைவர், நான்தான் முன்னாடி இருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். தியோனிசியா கோயில் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திராசிவூலோஸ் குனிந்து தரையைப் பார்த்தார்.

நீதிபதி எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். பிறகு வாசித்தார். சைகை நடந்தது உண்மை. இரண்டு கை என்பது பெரும்பான்மைச் சாட்சியால் உறுதியாகிறது. அது கொடுமையைக் கண்டு எழுந்த நியாயமான ஆத்திரம். நோயாளி காத்திருப்பது தெரிந்தே வழியை மறித்தவர் அந்த ஆத்திரத்தைத் தானே வரவழைத்துக்கொண்டார். குற்றவாளி என்று சொல்ல இந்த நீதிமன்றம் மறுக்கிறது. கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டதால் இதே விஷயத்தை இனி வேறு எந்தக் கமிட்டியும் தோண்ட முடியாது.

"பஸ்ஸு?" என்றாள் கரூஃபலியா. அவளுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

"பஸ் வெளியதான நிக்குது?" என்றார் நீதிபதி. "போய் ஓட்டுங்க. எல்லாரையும் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேருங்க."

கூடம் எழுந்து நின்றது. லாசரோஸ் அந்த முறம் கையால் பொலிக்சேனியின் முதுகில் தட்டிய தட்டில் அவளுக்கு இருமல் வந்தது. பாதிரியார் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆசீர்வாதம் செய்தார். வெளியே வெயில் வந்திருந்தது. முப்பத்தொரு பேரும் கத்திக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் பஸ்ஸில் ஏறினார்கள். திராசிவூலோஸுக்கு முன் சீட்டை விட்டார்கள். எஃப்தெர்பி நாலாவது சீட்டில் போய் உட்கார்ந்தாள். கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு பெரியாந்திரோஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் அந்த அழகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரூஃபலியா என்ஜினைப் போட்டாள்.  சந்தோஷம்தான், பாட வேண்டும்போல, ஹாரனை அடித்துக்கொண்டே ஊர் வரை போக வேண்டும்போல இருந்தது. கோர்ட்டுக்கு முன்னால் அரைவட்டம் அடித்துத்தான் மலைப்பாதைக்குப் போக வேண்டும். படிக்கட்டில் பெரியாந்திரோஸ் தனியாக நின்றார். பெரிய வக்கீல் எப்போதோ நழுவியிருந்தார். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒவ்வொரு ஜன்னலும் சரசரவென்று திறந்துகொண்டிருந்தது. பாதிரியார் ஒருவரைத் தவிர முப்பது பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் பிரேக்கில் காலை வைத்தாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"பஸ்ஸுக்கு ஒரு விதி இருக்கு, எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "ஓடுற வண்டியில யாரும் கையை வெளிய நீட்டக் கூடாது."

 பஸ்ஸே குலுங்கும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. அத்தனை பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் பெஞ்சில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பஸ் அவரை மெதுவாகச் சுற்றி வந்தது. பெரியாந்திரோஸ் கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுளித்து, தோளைக் குறுக்கிக்கொண்டு, வரப்போகும் முப்பத்தொன்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணைத் திறந்தபோது பஸ் மலை ஏறத் தொடங்கியிருந்தது.